கண்டு கீறியவர்

எங்கள் குடாநாட்டில் மலை இல்லை. கீரிமலை என்று ஓர் ஊர் இருக்கிறது. போய்ப் பார்த்தால் கேணிதான் இருக்கும். கொடிகாமத்தில் என் வீட்டு வாசலிலிருந்து எந்தத் திக்கில் நடந்தாலும் வயல், மணல், பனங்கூடல், கடைசியில் கடல். அப்படியான ஊரில் இருந்துகொண்டு ஆறாம் வகுப்பிலிருந்து நான் மலை கீறினேன். புத்தகத்தில் யாரோ கீறியதைப் பார்த்து ரீச்சர் கரும்பலகையில் கீறுவார். அதைப் பார்த்து நான் கொப்பியில் கீறுவேன். பல்கலைக்கழகத்துக்கு வந்து, கம்பசில் புவியியல் சிறப்புக்கலைக்கு எடுபட்ட பிறகும் இதேதான். சமவுயரக் கோடுகளைத் தந்தால் ஒரு மலையின் குறுக்குவெட்டுமுகத்தை இருபது நிமிடத்தில் கீறிவிடுவேன். மலையைக் கண்டதில்லை.

சிறப்புக்கலைக்கு ஒரு பரும்படிப் படம் கட்டாயம். ஓர் உயரமான இடத்தில் நின்று, கண்ணுக்குத் தெரிவதை அங்கேயே தாளில் கோட்டால் கீறுவது. வலது பக்க மூலையில் இடம், நேரம், திசை எல்லாம் எழுதி, அதற்குக் கீழே ‘கண்டு கீறியவர்’ என்று போட்டுப் பெயர் வைக்கவேண்டும். “கண்டவர் ஆர் எண்டு வடிவாய்த் தெரியவேணும். காணாமல் கீறினது படமில்லை, பொய்” என்று எங்கள் விரிவுரையாளர் அருளம்பலம் சேர் முதலாம் வருடத்திலேயே சொன்னார். நன்றாகத்தான் சொன்னார். ஆனால் எங்களுக்கு முன்னர் போன பிரிவில் பெண்பிள்ளைகள் எல்லாரும் அடிவாரத்தில் சோறு சமைத்தார்கள். பொடியன்கள் ஏறிக் கீறிக்கொண்டு வந்த படங்களைப் பார்த்துக் கீறி, ‘கண்டு கீறியவர்’ என்று தங்கள் பெயரை வைத்தார்கள். சேர் புள்ளியும் போட்டார். அதில் ஓர் அக்கா இதைச் சிரித்துச் சிரித்து எனக்குச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காணாத மலைக்குக் கீழே என் பெயரை வைப்பதில்லை, பட்டம் போனாலும் பரவாயில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் அது. அப்படியிருந்தும் முடிவெடுத்தேன்.

தொண்ணூறாம் ஆண்டு சித்திரையில் பாதை திறந்திருந்தது. யாழ்தேவி ரயில் ஓடியது. எத்தனை நாளைக்கு என்று ஒருவருக்கும் தெரியாது. சேர் அவசரம் அவசரமாக எங்களை மலைநாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆறு பொடியன்கள், இரண்டு பெட்டைகள். மற்றப் பெட்டை மீனாம்பிகை, நல்லூரில் ஒரு சட்டத்தரணியின் மகள்.

நிலஅளவைப் படத்தோடு இராணுவச் சோதனையில் பிடிபட்டால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே படத்தை நூலகத்திலேயே வைத்துவிட்டு, ரேசிங் பேப்பரில் கோடுகளை மட்டும் பிரதி எடுத்தார்கள். ஊர்ப்பெயர் இல்லை, தலைப்பு இல்லை. பிரதி எடுத்தவன் இராசநாயகம். மிருசுவில்காரன், எனக்கு அடுத்த ஊர். கை சுத்தமானவன் என்று சேர் அவனிடம் கொடுத்தார். பார்த்தால் தையல்காரர் சட்டை வெட்டுகிற பற்றன் தாள் மாதிரி இருந்தது. அந்தத் துணிவில் அதை மீனாம்பிகையின் பையில், இரண்டு பாவாடைகளுக்கு நடுவில் வைத்து, வவுனியாவைத் தாண்டினோம். பொடியன்களின் பையில் வைத்தால் ஆபத்து என்று சேர்தான் சொன்னார்.

தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் தங்கினோம். விடிந்து வெளியே வந்தபோது மலை நேரே நின்றது. தோட்டத்து ஆட்கள் அதைப் பானைமலை என்றார்கள். சேர் ரேசிங் பேப்பரை மேசையில் விரித்து அடிமட்டத்தை வைத்தார்.

“பள்ளிக்கூடத்திலையிருந்து உச்சி சரியா ஒரு இஞ்சி. ஒரு மைல். கொடிகாமத்திலையிருந்து மிருசுவில் இதைவிடத் தூரம். நேரை ஏறினால் ஒரு மணித்தியாலம். பதினொரு மணிக்குத் திரும்பி வந்திடுவம்.” பிறகு எங்களைப் பார்த்தார். “பிள்ளையள் ரெண்டுபேரும் கீழை நில்லுங்கோ. அரிசி, பருப்பு எல்லாம் இருக்கு. பொடியள் கீறிக்கொண்டு வந்தாப்போலை நீங்கள் ஆறுதலாய்ப் பார்த்துக் கீறலாம்.”

“எதைப் பார்த்து, சேர்?”

“படத்தைத்தான்.”

“கீழை ‘கண்டு கீறியவர்’ எண்டு என்ரை பேரை வைக்கவோ?”

“உதெல்லாம் ஒரு ஒழுங்குக்குப் போடுறது, பிள்ளை. தாய்தேப்பனுக்கு நான் பொறுப்பு. விழுந்து கிழுந்து காலை முறிச்சால் ஆர் பதில் சொல்லுறது?”

“வவுனியாவிலை உந்தப் பேப்பரோடை எங்களைப் பிடிச்சிருந்தால் ஆர் சேர் பதில் சொல்லியிருப்பினம்?”

மீனாம்பிகை என் முழங்கையில் கிள்ளினாள். சேர் அடிமட்டத்தை எடுத்து மறுபடி வைத்தார். நான் விடவில்லை. முதல் நாளே ஒன்றைக் கவனித்திருந்தேன்.

“சரி, நாங்கள் வரேல்லை. ஆனால் நீங்கள் போற பாதையிலை பிழை இருக்கு. பள்ளிக்கூடம் நாலாயிரத்து ஐந்நூறு அடி. உச்சி ஆறாயிரத்து அறுநூற்று நாப்பது. நூறு அடிக்கு ஒரு கோடு. இடையிலை இருபத்தொரு கோடு இருக்கவேணும். எண்ணிப் பாருங்கோ, பதினேழுதான் இருக்கு.”

இராசநாயகம் சிரித்தான். “அதோ? ஒரு இடத்திலை அஞ்சு கோடு ஒண்டோடை ஒண்டு ஒட்டிக் கறுப்பாய்க் கிடந்தது. அச்சுப் பிழை. நான் வடிவாய் ஒண்டாய்க் கீறிவிட்டனான்.”

அவனை முழுக்கக் குற்றம் சொல்லமுடியாது. எங்கள் குடாநாட்டுப் படத்தில் கோடுகள் ஒன்றையொன்று தொடுவதே இல்லை, கோடே அருமை. ஐந்து கோடு ஒட்டினால் அந்த இடத்தில் நானூறு அடிக்குச் செங்குத்தாகப் பாறை என்று எல்லாரும் படித்திருந்தோம். சோதனையில் எழுதிப் புள்ளியும் எடுத்திருந்தோம். நிலம் அப்படி நிமிர்ந்து நிற்கும் என்று ஒருவரும் நம்பியிருக்கவில்லை.

“அது பாறைச் சுவர்” என்றேன்.

சேர் வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தார். “எங்கை பிள்ளை சுவர்? எல்லாம் பச்சையாய்க் கிடக்குது. இந்தா தெரியுது உச்சி.”

“முன்னுக்கு நிக்கிற குன்று பின்னுக்கு இருக்கிறதை மறைக்கும், சேர்.”

“நாகேஸ்வரிக்கு ஏறாட்டி நித்திரை வராது” என்றான் இராசநாயகம். “பரம்பரைப் பழக்கமெல்லோ. தேப்பன் பனையிலை, மகள் மலையிலை.”

முதலில் இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு மற்றவர்களுக்கும் விளங்கியது. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மூன்று வருடமாகக் கம்பஸ் படிவங்களில் ‘தகப்பனின் தொழில்’ என்ற இடத்தில் நான் ‘விவசாயம்’ என்று எழுதி வந்தேன். என் ஐயா முத்துக்குமாரு கள்ளுச் சீவுகிறவர். அடுத்த ஊர்க்காரனுக்குத் தெரியாமல் இருக்குமா? இத்தனை நாள் அதைச் சொல்லாமல் வைத்திருந்து, தேவைப்பட்ட இடத்தில் எடுத்துப் போட்டான்.

காது சுட்டது. ஆனால் வாய் நிற்கவில்லை.

“ஓம். என்ரை ஐயா இருபத்தைஞ்சு பனை ஏறுறவர். காலமை ஒருக்கால், பின்னேரம் ஒருக்கால். ஒரு பனை ஐம்பது அடி. பெருக்கிப் பார். நாளுக்கு ரெண்டாயிரத்து ஐந்நூறு அடி. உந்த மலை ரெண்டாயிரத்து நூற்று நாப்பது. நீ ஒருநாளைக்கு ஏறிப்போட்டு வந்து கதை.”

“சரி சரி, வெய்யில் ஏறுது” என்றார் சேர். அவர்கள் போனார்கள். தண்ணீர்ப் போத்தல்களைக்கூட எடுக்கவில்லை. ஒரு மைலுக்கு யார் தண்ணீர் கொண்டுபோவார்கள்?

அரிசிப் பானைக்கு முன்னால் நானும் மீனாம்பிகையும் நின்றோம். அவள் என்னைப் பார்க்காமல் அரிசியில் கல்லுப் பொறுக்கினாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. அப்போது கொழுந்துக் கூடையோடு ஒரு பெண் வாசலால் போனாள். நாற்பது வயது இருக்கும். நான் ஓடிப்போய் மறித்துக் கேட்டேன்: “அக்கா, மலைக்கு ஏற வேறை பாதை இருக்கோ?”

அவள் பொடியன்கள் போன திக்கைப் பார்த்தாள். “அய்யாமாரு நேராவா போறாங்க? அந்தப் பக்கம் பாறைங்க. கொரங்குகூட ஏறாது. கோயில் பாதை இந்தா, ஓடையத் தாண்டி இப்பிடி சுத்திப் போகுது. மூணு மைல் வரும். மேல முனியாண்டி கோயிலு.”

“பொம்பிளையள் ஏறலாமோ?”

“என்னாங்க இப்பிடிக் கேக்குறீங்க? மாசிக்கு மாசி பொங்கப் பானைய தலையில வச்சிக்கிட்டு நாங்கதானே ஏறுறோம். ஆம்பளைங்க மோளம் அடிச்சிக்கிட்டுப் பின்னாடி வருவாங்க.” போகத் திரும்பியவள் நின்றாள். “ஒரு மணிக்குள்ள எறங்கிருங்க. மழை வந்திரும். அட்டைக்கு சவுக்காரம் தேச்சுக்கங்க.”

நான் பானையை மூடினேன். கொப்பி, பென்சில், திசைகாட்டி, இரண்டு போத்தல் தண்ணீர், தின்ன நாலு பணிஸ். காலில் சவுக்காரம் தேய்த்தேன்.

“நாகேஸ், விசர்வேலை பாக்காதையும். கொப்பி பண்ணுவம். ஆர் கேக்கப்போகினம்?”

“நீர் நில்லும். நான் போறன்.”

“தனியப் போய் நீர் செத்தால் எனக்குத்தான் பேச்சு விழும்” என்று சொல்லிக்கொண்டு அவளும் செருப்பை மாட்டினாள்.

ஓடைவரை சுகமாக இருந்தது. அதன் பிறகு பாதை நிமிர்ந்தது. எனக்குச் சைக்கிளில் இருபது மைல் ஓடிப் பழக்கம். அந்தக் கால்கள் இங்கே ஒன்றுக்கும் உதவவில்லை. தொடையின் முன்பக்கம் எரிந்தது. காற்று நெஞ்சின் பாதிக்கு மேல் இறங்க மாட்டேன் என்றது. பாவாடையைத் தூக்கிச் செருகினேன். சவுக்காரம் தேய்த்தும் அட்டைகள் விரலிடுக்கில் ஏறின. மீனாம்பிகை முதல் அட்டையைக் கண்டு கத்தியது கீழே தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயம்வரைக்கும் கேட்டிருக்கும். ஏழாவது அட்டையைப் பேசாமல் பிடுங்கி எறிந்தாள்.

நான் பனையாக எண்ணிக்கொண்டு ஏறினேன். மொத்தம் நாற்பத்து மூன்று பனை. எனக்கு ஒருவரும் ஏறச் சொல்லித் தரவில்லை. எங்கள் பகுதியில் பெட்டைகள் பனையில் தொடமாட்டார்கள். எட்டு வயதில் ஒருநாள் தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டு ஆறடி ஏறியதற்கு அம்மா ஈர்க்குமாற்றால் அடித்தாள். ஆனால் கள்ளு முட்டியோடு கீழே நின்று ஐயாவைப் பார்த்திருக்கிறேன். அவர் பனையின் தலையை, வட்டைப் பார்த்து ஏறுவதில்லை. நிலத்தையும் பார்ப்பதில்லை. கண் மூக்குக்கு முன்னால் இருக்கிற செதிலில் நிற்கும். நான் அதைச் செய்தேன். முன்னால் இருக்கிற கல், அடுத்த கல்.

மீனாம்பிகை உச்சியைப் பார்த்துப் பார்த்து ஏறினாள். “இந்தா வந்திட்டுது” என்று மூன்றுதரம் சொன்னாள். மூன்றுதரமும் அது உச்சி இல்லை. போய் நின்றால் பின்னால் இன்னொன்று நின்றது. மூன்றாவதில் அப்படியே புல்லில் இருந்துவிட்டாள்.

“இராசநாயகம் சொன்னது மெய்யோ?”

“ஓம்.”

“அப்ப ஏன் விவசாயம் எண்டு எழுதினனீர்?”

“கன்ரீனிலை உமக்குப் பக்கத்திலை இருந்து சாப்பிட.”

அவள் முகம் சிவந்தது. வெயிலாகவும் இருக்கலாம். “நான் ஒண்டும் சொல்லியிருக்கமாட்டன்” என்றாள்.

“சொல்லியிருக்கமாட்டீர். எழும்பி வேறை மேசைக்குப் போயிருப்பீர்.”

அவள் நாக்கால் உதட்டைத் தடவினாள். தன் போத்தலை ஓடையடியிலேயே முடித்திருந்தாள். நான் என்னுடையதை நீட்டினேன். நான் வாய் வைத்துக் குடித்த போத்தல். அவள் வாங்கிச் சற்று நேரம் கையில் வைத்திருந்தாள். அண்ணாந்து ஊற்றினாள், பாதி தாவாயில் ஊற்றுண்டது. பிறகு வாயை வைத்துக் குடித்தாள். இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. தாகம். ஆனால் நான் கண்டேன்.

பத்தரைக்குக் கடைசிப் பாறைக்கு வந்தோம். இருபத்தைந்து அடி இருக்கும். தோட்டத்துக்காரர் கால்வைக்கக் குழிகள் வெட்டியிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை, காற்றுத்தான். தலையில் பானையோடு இதில் எப்படி ஏறுகிறார்கள் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

“எனக்கு ஏலாது” என்றாள் மீனாம்பிகை. அழுகிற குரல்.

“அரைப் பனை. அவ்வளவுதான்.”

“உமக்கு அரைப் பனை. எனக்கு முழுச் சாவு.”

செருப்பைக் கழற்றினேன். கொப்பியை இடுப்பில் செருகினேன். குழிகளில் ஈரம் இருந்தது. பாதியில் வலது கால் வழுக்கியது. அந்த நேரம் கீழே பார்த்துவிட்டேன். தோட்டத்து லயங்கள் தீப்பெட்டிகள் போலக் கிடந்தன. விரல்கள் பாறையை விடமாட்டோம் என்றன. மேலே போகவும் மாட்டோம் என்றன. ‘தேப்பன் பனையிலை’ என்று அவன் சொன்னது காதில் நின்றது. ஐயா மாரிக்காலத்தில் பாசி பிடித்த பனையில் ஏறுவார். அவருக்குக் குழி வெட்டிக் கொடுத்தவன் எவனும் இல்லை. கண்ணைத் திருப்பி மூக்குக்கு முன்னால் இருந்த பாறையில் வைத்தேன். அதில் ஒரு சாம்பல் நிறப் பாசி, ஓர் எறும்பு. எறும்பு மேலே போனது. நானும் போனேன்.

உச்சியில் குங்குமம் பூசிய ஒரு கல்லும் துருப்பிடித்த சூலமும் இருந்தன. எழும்பி நின்று சுற்றிப் பார்த்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது. புத்தகத்தில் மலைகள் எண்ணெய்ப் புனல்களைக் கவிழ்த்து வரிசையாக வைத்ததுபோல நிற்கும். அப்படி எதுவும் இங்கே இல்லை. ஒன்றின் முதுகில் ஒன்று சாய்ந்து கிடந்தன. கிட்ட இருந்தது கரும்பச்சை, அடுத்தது நீலம், அதற்கடுத்தது சாம்பல். கடைசி மலை இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கவேண்டியிருந்தது. தென்மேற்கில் சிவனொளிபாதமலை தனியாகக் கூர்ந்து நின்றது. பள்ளத்தில் ஒரு நீர்த்தேக்கம் கத்தி மாதிரி மினுங்கியது. முகிலின் நிழல் ஒரு மலையில் ஏறி மறுபக்கம் இறங்கிப் போனது. இப்படி இருக்கும் என்று இருபத்துமூன்று வருடத்தில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. சொன்னவர்களும் காணாமல்தான் சொன்னார்கள்.

திசைகாட்டியை வடக்குக்குத் திருப்பினேன். பனிப்புகார் மட்டும்தான். எங்கள் ஊர் தெரியும் என்று நினைத்து நான் திருப்பவில்லை. ஆனாலும் திருப்பினேன்.

ஒன்றரை மணித்தியாலம் கீறினேன். கீழே பாறைத் தட்டிலிருந்து மீனாம்பிகை அடிக்கடி “இருக்கிறீரோ?” என்று கத்தினாள். “ஓம்” என்று கத்தினேன். முடிக்கிற நேரம் கிழக்குப் பக்கம், மிக ஆழத்தில், வேறு குரல்கள் கேட்டன. கல்லைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். அங்கேதான் இருந்தது படத்தில் காணாமற்போன அந்த நாலு கோடும்: கறுப்பாக, ஈரமாக, நேரே கீழே இறங்கிய சுவர். அதன் அடியில் ஏழு வெள்ளைச் சேர்ட்டுகள்.

“ஆரது மேலை?” சேரின் குரல். பாறையில் பட்டு இரண்டுதரம் கேட்டது.

“நான்தான், சேர்! நாகேஸ்வரி!”

ஏழு முகங்களும் நிமிர்ந்தன.

“எப்பிடி ஏறினனீர்?”

“இருபத்தொரு கோட்டாலை!”

இறங்கி வந்தபோது மீனாம்பிகையின் மடியிலும் ஒரு தாள் இருந்தது. தட்டிலிருந்து மேற்குப் பக்கம் மட்டும் தெரியும். அதை மட்டும் கீறியிருந்தாள். மூலையில் ‘உச்சிக்கு இருபத்தைந்து அடி கீழே நின்று கண்டு கீறியவர்’ என்று எழுதிப் பெயர் வைத்திருந்தாள். எனக்கு அவள்மேல் முதன்முதலாக ஒரு மரியாதை வந்தது.

ஒரு மணிக்கு மழை அடித்தது. நாங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து அரை மணித்தியாலத்துக்குப் பிறகு அவர்கள் வந்தார்கள். கால்சட்டைகள் கிழிந்து, கால்கள் இரத்தமாக, வாய் காய்ந்து. ஒரு தாளிலும் ஒரு கோடு இல்லை.

“சோறு எங்கை?” என்றான் இராசநாயகம்.

“அரிசியாய்க் கிடக்குது. அடுப்பு அங்கை.”

மறுநாளும் அதற்கடுத்த நாளும் மழை விடவில்லை. அடுத்த மாதம் திரும்பவும் வருவோம் என்று சேர் சொன்னார். ஆனியில் சண்டை தொடங்கியது. யாழ்தேவி நின்றது. பாதை பூட்டப்பட்டது. கோட்டைப் பக்கமிருந்து ஷெல் விழும் சத்தத்துக்குள் ஆவணியில் சேர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் என் படம்.

“பிள்ளை, படம் இல்லாட்டி ஆறு பேரின்ரை பட்டமும் நிண்டுபோகும். இனி மலைக்குப் போற காலம் எப்ப வருமோ தெரியாது. உம்மடை படத்தை அவங்கள் பார்த்துக் கீறட்டும்.”

நான் மாட்டேன் என்று சொல்லத்தான் போனேன். ஜன்னலால் பார்த்தபோது வேப்பமரத்தடியில் ஆறு பேரும் நின்றார்கள். இராசநாயகம் என்னைப் பார்க்காமல் சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“கீறட்டும், சேர். ஆனால் மூலையிலை என்ன எழுதுறது எண்டு நான் சொல்லுவன்.”

சேரின் பேனையை எடுத்து, என் படத்தில் பெயர் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் எழுதிக் காட்டினேன்:

கண்டு கீறியவர்: கொடிகாமம், கள்ளுச் சீவும் தொழிலாளி முத்துக்குமாருவின் மகள் நாகேஸ்வரி. காணாமல் பார்த்துக் கீறியவர்:

அதற்குப் பிறகு இடம் விட்டேன்.

சேர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். “தொழில் எல்லாம் பரும்படிப் படத்திலை எழுதிற விசயமோ?”

“கண்டவர் ஆர் எண்டு வடிவாய்த் தெரியவேணும் எண்டு நீங்கள்தானே சேர் சொன்னனீங்கள்.”

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, “சரி, மூலையை நீரே பார்த்து வாங்கும்” என்றார். ஒரு கிழமைக்குள் ஐந்து தாள்கள் என்னிடம் வந்தன. ஆறாவது கடைசி நாள் பின்னேரம் வந்தது. இராசநாயகம் தானே கொண்டுவந்தான். படம் சுத்தம், அவன் கை எப்போதும் சுத்தம். மூலையைப் பார்த்தேன். ஐயாவின் தொழிலும் பெயரும் எறும்பு ஊர்ந்ததுபோல அவ்வளவு சிறிதாக இருந்தன.

தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

“வாசிக்க ஏலாமல் கிடக்குது. பெரிசாய் எழுதிக்கொண்டு வாரும்.”